மாற்று இயந்திரமும் மஞ்சள் விளக்கும்

ஜொகூர் மாநிலத்தின் வடபகுதியில் அமைந்த சிகாமட் நகருக்குப் பெயர் தந்ததே தண்ணீர்தான் என்று அவ்வட்டாரத்து மக்கள் சொல்வதுண்டு. 1511ஆம் ஆண்டில் மலாக்கா போர்த்துகீசியர் கையில் வீழ்ந்த பின்னர், அங்கிருந்து தப்பி வந்த பெண்டஹாரா என்னும் முதலமைச்சர் இங்குள்ள ஆற்று நீரை அள்ளிப் பருகினாராம். 'செகார் அமாட்' என்று மலாய் மொழியில் வியந்தாராம். மிகுந்த புத்துணர்ச்சி தருவது என்பது அதன் பொருள். அச்சொற்களே மருவிச் சிகாமட் ஆயின என்பது செவிவழிக் கதை. கதை எவ்வாறாயினும், ஊருக்கும் ஆற்றுக்கும் உள்ள உறவு பழமையானது என்பதில் ஐயமில்லை. அந்த உறவு எப்போதும் இனியதாக இருந்ததில்லை. 2006ஆம் ஆண்டு டிசம்பரிலும், 2011ஆம் ஆண்டு ஜனவரி இறுதியிலும், 2023ஆம் ஆண்டு மார்ச்சிலும் சிகாமட் வட்டாரம் பெருவெள்ளத்தைக் கண்டது. ஆறு கரைமீறி வீட்டுக்குள் நுழைந்தபோது அரிசியும் பாயும் பாடநூலும் நனைந்தன. அவற்றோடு வாசலில் நின்ற வண்டிகளும் மூழ்கின.

வண்டி மூழ்கியது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் சிகாமட் போன்ற ஊரில் வண்டி என்பது ஆடம்பரப் பொருள் அன்று. 1909ஆம் ஆண்டில் ஜொகூரின் குறுக்கே இருப்புப்பாதை முழுமை பெற்ற காலந்தொட்டு, இவ்வட்டாரத்தில் பால்மரத் தோட்டங்களும் பின்னர்ச் செம்பனைத் தோட்டங்களும் பெருகின. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போன பிறகு, அங்கு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல, பட்டணத்தைச் சுற்றியுள்ள குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தன. வேலை ஓரிடம், வீடு ஓரிடம், பள்ளி ஓரிடம், மருத்துவமனை வேறோரிடம் என்றாகிவிட்டது. பேருந்தை நம்பி நாளைத் திட்டமிட இயலாத நிலையில், பழைய காராயினும் ஒரு கார் குடும்பத்தின் கால்களாகிவிட்டது.

ஒரு குடும்பத்தின் நிலையை எண்ணிப் பார்த்தால் இது தெளிவாகும். பெயரும் தெருவும் மாறினாலும் இது பலருடைய கதையே. லாபிஸ் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு தொழிலாளி. அவருக்கு வயது முதிர்ந்த தாய். தாயின் சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன. வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். அதற்காகச் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிகாமட்டுக்கு அவர் தாயை அழைத்து வருகிறார். தவணை தவறினால் உடலில் நீரும் நஞ்சும் தேங்கும். ஆகவே அந்த வீட்டில் கார் ஓடுவதும் தாயின் மூச்சு ஓடுவதும் வேறு வேறல்ல. அவர் வைத்திருப்பது டொயோட்டா வியோஸ் என்னும் கார். 2003ஆம் ஆண்டில் மலேசியாவில் விற்பனைக்கு வந்த இவ்வகையின் முதல் தலைமுறையைச் சேர்ந்தது. 2023ஆம் ஆண்டு வெள்ளத்தில் அது மூழ்கியது.

நீரில் மூழ்கிய காரை வெள்ளம் வடிந்ததும் அவசரப்பட்டு முடுக்கினால் என்ன நேரும் என்பதைப் பலரும் அறிவதில்லை. இயந்திரத்தின் உருளைக்குள் பிஸ்டன் மேலெழும்போது அங்குள்ள காற்று அமுங்கிக் கொடுக்கும். அதுவே அதன் இயல்பு. நீர் அவ்வாறு அமுங்காது. உருளைக்குள் நீர் புகுந்திருந்தால், மேலெழும் பிஸ்டன் பாறையில் முட்டியது போல் முட்டும். அந்த வேகத்தில், பிஸ்டனைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். சில வேளை முறிந்து இயந்திரத்தின் சுவரையே துளைத்துவிடும். மேற்சொன்ன காருக்கும் அதுவே நேர்ந்தது. தண்டு வளைந்த இயந்திரத்தைச் செப்பனிடுவதைவிட வேறோர் இயந்திரத்தைப் பொருத்துவதே மலிவு என்று முடிவாயிற்று.

வேறோர் இயந்திரம் எங்கிருந்து வரும்? மலேசியப் பட்டறைகளில் 'ஹாஃப்-கட்' என்னும் சொல் நன்கு பழகிய ஒன்று. ஜப்பானிலிருந்து வரும் பழைய கார்களின் முன்பாதி அது. முன்சக்கரங்கள், இயந்திரம், கியர்ப்பெட்டி, வயர்க்கட்டு, கட்டுப்பாட்டுக் கணினி ஆகிய யாவும் ஒரு சேர, பாதியாக அறுத்த நிலையில் வந்திறங்கும். ஜப்பானில் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டுகளிலும், அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் கட்டாயச் சோதனை உண்டு. அதன் செலவைக் கருதி, நன்கு ஓடும் நிலையிலேயே பலர் தம் கார்களைக் கைவிடுகின்றனர். அங்கே கழிக்கப்பட்டது இங்கே உயிர் பெறுகிறது. வியோஸ் காரில் உள்ள 1,497 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடைய இயந்திரம், ஜப்பானில் விட்ஸ், பிளாட்ஸ் முதலிய கார்களிலும் பொருத்தப்பட்டதே. ஆகையால் மாற்று இயந்திரம் கிடைப்பது அரிதன்று.

இவ்விடத்தில் ஒரு கடமையையும் சொல்லிவிட வேண்டும். காரின் பதிவில் அடிச்சட்டத்தின் எண்ணோடு இயந்திரத்தின் எண்ணும் குறிக்கப்பட்டிருக்கிறது. இயந்திரம் மாறினால் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கு விண்ணப்பித்து, வண்டியைப் பரிசோதனைக்கு உட்படுத்தி, பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாதவர், விற்கும்போதோ விபத்து நேர்ந்து காப்புறுதி கேட்கும்போதோ இடருக்கு உள்ளாவர்.

இயந்திரம் மாற்றப்பட்டது, கார் ஓடியது, தாயின் தவணைகளும் தவறாது நடந்தன. இரண்டாம் நாள் மாலையில் ஓட்டுநருக்கு எதிரேயுள்ள அளவைப் பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. இயந்திரத்தின் வடிவத்தைக் கோட்டுச் சித்திரமாகக் காட்டும் அந்த விளக்கைக் காரோட்டும் எல்லாரும் கண்டிருப்பர். அது சொல்வது என்ன என்பதை உணர்ந்தவர் சிலரே.

அந்த விளக்கின் வரலாறு காற்றின் வரலாற்றோடு பிணைந்தது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கண்ணெரியச் செய்த புகைமூட்டத்துக்குக் கார்ப் புகையும் தலையாய காரணம் என்பதை 1950களின் தொடக்கத்தில் மெய்ப்பித்தவர், நெதர்லாந்தில் பிறந்த வேதியியல் அறிஞர் ஹாகன்-ஸ்மிட். அதன் விளைவாக எழுந்த சட்டங்கள் கார் செய்வோரை நெருக்கின. புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கிக் கலன் 1975ஆம் ஆண்டு வகைக் கார்களில் அங்குப் பரவலாயிற்று. புகையில் எஞ்சியுள்ள ஆக்சிஜனை மோப்பம் பிடிக்கும் உணரியை ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1976ஆம் ஆண்டில் வெளியிட்டது. இக்கருவிகள் கெட்டுப்போனால் ஓட்டுநர் அறிவது எப்படி? கார் ஓடிக்கொண்டுதான் இருக்கும், காற்றுதான் கெடும். எனவே கார் தன் குறையைத் தானே கண்டு சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் விதித்தது. 1988ஆம் ஆண்டு வகைக் கார்களில் அது தொடங்கியது. 1996ஆம் ஆண்டு வகை முதல், அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஒரே வடிவமுள்ள 16 ஊசி இணைப்பியும் ஒரே முறையிலான குறியீடுகளும் கட்டாயமாயின. பின்னர் ஐரோப்பாவும் ஆசிய நாடுகளும் அவ்வழியைப் பின்பற்றின.

அதற்கு முற்பட்ட ஜப்பானியக் கார்களில் வேறொரு முறை இருந்தது. இணைப்பியில் குறிப்பிட்ட இரண்டு முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்தால் விளக்கு கண்சிமிட்டும். அச்சிமிட்டல்களை எண்ணிக் குறை எண்ணை அறிந்து, ஏட்டைப் புரட்டிப் பொருள் காண்பார்கள். சிகாமட்டின் பழைய பட்டறைக்காரர்கள் பலரும் இவ்வாறு எண்ணிப் பழகியவர்களே. இன்றோ ஸ்கேனர் என்னும் கைக்கருவியைச் செருகினால் குறியீடு எழுத்திலேயே வருகிறது.

அந்தக் குறியீட்டுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. மேற்சொன்ன காரில் வந்தது பி-0171 என்பது. முதலெழுத்து இயந்திரமும் கியர்ப்பெட்டியும் சேர்ந்த பகுதியைக் குறிக்கும். அடுத்த சுழி, இது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு என்பதைக் காட்டும். அங்கு ஒன்று இருந்தால் அது நிறுவனம் தானே வகுத்தது. மூன்றாவதாக வரும் ஒன்று, எரிபொருளும் காற்றும் கலக்கும் துறையைச் சுட்டும்; அங்கு மூன்று இருந்தால் தீப்பொறித் துறை, ஏழு இருந்தால் கியர்ப்பெட்டி. இறுதியில் வரும் 71 குறிப்பிட்ட குறையைச் சொல்லும்: கலவையில் எரிபொருள் குறைவு, அல்லது காற்று மிகுதி.

பெட்ரோல் இயந்திரத்தில் எடையளவில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் சேர்ந்தால் இரண்டும் மிச்சமின்றி எரியும். புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் உணரி இதற்குச் சாட்சி. கலவையில் பெட்ரோல் மிகுந்தால் அது ஏறத்தாழ 0.9 வோல்ட் வரை காட்டும். காற்று மிகுந்தால் 0.1 வோல்ட் அளவுக்கு இறங்கும். சாட்சி சொல்வதைக் கேட்டுக் கணினி பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும். கூட்டிக் கூட்டிப் பார்த்தும் காற்று மிகுதி என்றே சாட்சி சொன்னால், ஒரு வரம்புக்குமேல் கணினி தன் இயலாமையை ஒப்புக்கொண்டு விளக்கை ஏற்றுகிறது. அதுவும் உடனே ஏற்றுவதில்லை. இவ்வகைக் குறை ஓர் ஓட்டத்தில் தென்பட்டால் மனத்தில் வைத்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் தென்பட்டால்தான் விளக்கு எரியும். இயந்திரம் மாற்றிய அன்றே விளக்கு எரியாமல் இரண்டாம் நாள் எரிந்ததன் காரணம் இதுவே.

இங்கேதான் பலரும் தடுமாறுகின்றனர். குறியீட்டைக் கண்டவுடன் ஆக்சிஜன் உணரி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுகின்றனர். மேற்சொன்ன தொழிலாளியும் முதலில் போய்ச் சேர்ந்த இடத்தில் அவ்வாறே கூறினார்கள். புதிய உணரி வாங்கப்பட்டது. 2023ஆம் ஆண்டில் மலேசியாவில் குறைந்தபட்ச மாத ஊதியம் 1,500 வெள்ளி. அத்தகைய வருவாயில் வாழும் குடும்பத்துக்கு உணரியின் விலை சிறியதன்று. பழைய குறியீட்டை அழித்தார்கள், விளக்கு அணைந்தது, இரண்டு நாளில் மறுபடியும் எரிந்தது. அடுத்து எரிபொருள் தெளிப்பான்களை மாற்ற வேண்டும் என்று சொன்னார்கள். சாட்சி சொன்ன செய்தி பிடிக்கவில்லை என்பதற்காகச் சாட்சியையே மாற்றினால் வழக்கு தீருமா?

பணமும் பொறுமையும் கரைந்த நிலையில் அவர் சிகாமட்டில் உள்ள மற்றொரு பட்டறைக்குச் சென்றார். அங்கிருந்தவர் ஐம்பதைக் கடந்தவர். அவருக்கு உதவியாகப் பள்ளிப் படிப்பை முடித்த ஓர் இளைஞன். கார்க்காரர் முதலில் கேட்டது இதுதான்:

"அண்ணே, இந்த விளக்கையே கழற்றிவிட முடியாதா?"

"முடியும் தம்பி. ஐந்து நிமிட வேலைதான். ஆனால் நாளைக்கு வேறொரு குறை வந்தால் உங்களுக்கு யார் சொல்வார்கள்? அம்மாவை வைத்துக்கொண்டு ஓட்டுகிறீர்கள்."

விளக்கைக் கழற்றுவதும், அதன் வயரை வேறொரு விளக்கின் வயரோடு சேர்த்துவிடுவதும் சில இடங்களில் நடப்பவையே. சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்குகளும் ஒரு கணம் எரிந்து அணைவது, அவை உயிரோடு இருக்கின்றனவா என்று காட்டுவதற்காகவே. அந்த ஒரு கணத்தையும் போலியாகச் செய்து காட்டும் தந்திரத்தைக் கற்றவர்களும் உண்டு. அதனால் இழப்பு யாருக்கு? சீராக எரியும் விளக்கு, விரைவில் பார்க்க வேண்டும் என்கிறது. விட்டுவிட்டு மின்னும் விளக்கோ, உருளையில் தீப்பற்றாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் சென்று வினையூக்கிக் கலனைச் சுட்டெரிக்கிறது, உடனே வேகத்தைத் தணி என்கிறது. விளக்கே இல்லாத காரில் இவ்வேறுபாட்டைச் சொல்வார் இல்லை.

பட்டறைக்காரர் எந்தப் பாகத்தையும் கழற்றவில்லை. முதலில் வினாக்களைத் தொடுத்தார். விளக்கு எப்போது எரிந்தது? காலைக் குளிரிலா, நெடுஞ்சாலையிலா, போக்குவரத்து விளக்கில் நிற்கும்போதா? இயந்திரத்தோடு எவையெவை மாறின? கணினி பழையதா, ஜப்பானிலிருந்து வந்ததா? விடைகள் ஒவ்வொன்றாக வந்தன. இயந்திரம் மட்டுமே ஜப்பானுடையது. வயர்க்கட்டும் கணினியும் காற்றை உள்ளிழுக்கும் குழாய்த் தொகுதியும் பழைய காருடையவையே. நிற்கும்போது இயந்திரம் சற்றே நடுங்குகிறது. ஓடும்போது நடுக்கம் தெரியவில்லை.

இயந்திரம் மாற்றிய காரில் குறை தேடுவதற்கும் மாற்றாத காரில் தேடுவதற்கும் வேறுபாடு உண்டு. மாற்றாத காரில் பாகங்கள் தேய்ந்து கெடுகின்றன. மாற்றிய காரிலோ கை பட்ட இடங்களே முதலில் ஐயத்துக்கு உரியவை. செருகாமல் விட்ட இணைப்பி, அவசரத்தில் அழுந்திய வயர், இயந்திரத்துக்கும் உடலுக்கும் இடையே இறுக்கப்படாத மண்ணிணைப்புப் பட்டை, புகைக்குழாய் மூட்டில் ஒரு கசிவு, வேறு வகைக் காருக்கு உரிய உணரி, கையியக்கக் கியருக்கு உரிய கணினியைத் தானியங்கிக் கியரோடு சேர்த்தல் என இவற்றுள் ஒன்றாக இருப்பதே பெரும்பாலும் இயல்பு. ஆகவே பட்டறைக்காரர் முதலில் கண்ணால் பார்த்தார். மின்கலத்தின் எதிர்முனைக்கும் இயந்திரத்துக்கும் இடையே அளவுமானியை வைத்து, இளைஞனை முடுக்கச் சொன்னார். 0.1 வோல்ட் அளவே காட்டியது. மண்ணிணைப்பில் குறையில்லை என்பது உறுதியாயிற்று.

பின்னர் ஸ்கேனரைச் செருகினார். குறியீட்டை அழிக்கவில்லை. குறை தோன்றிய கணத்தில் கணினி பதிந்து வைத்திருந்த நிலைக்குறிப்பைப் படித்தார்: இயந்திரம் சூடேறியிருந்தது, கார் நின்றுகொண்டிருந்தது. குறியீட்டை முதலிலேயே அழித்திருந்தால் இந்தக் குறிப்பும் அழிந்திருக்கும். அடுத்து, கணினி எவ்வளவு பெட்ரோலைக் கூட்டித் தருகிறது என்னும் திருத்த அளவைப் பார்த்தார். இயந்திரம் வெறுமனே ஓடும்போது 25 விழுக்காட்டுக்கு மேல். நிமிடத்துக்கு 2,500 சுழற்சிக்கு உயர்த்தியபோது 6 விழுக்காடு. இளைஞன் இரண்டையும் ஏட்டில் எழுதிக்கொண்டான்.

இந்த இரண்டு எண்களில்தான் விடை இருந்தது. இக்காரில் உள்ளே போகும் காற்றை வாயிலிலேயே ஓர் உணரி அளக்கிறது. அந்த வாயிலைத் தாண்டி, எங்கோ ஒரு பிளவு வழியாக அளக்கப்படாத காற்று புகுந்தால், கணினிக்கு அது தெரியாது. தெரிந்த காற்றுக்கு மட்டுமே பெட்ரோல் தரும். இத்தகைய இயந்திரம் வெறுமனே ஓடும்போது நொடிக்குச் சுமார் 2 கிராம் காற்றை இழுக்கிறது என்று கொண்டால், பிளவின் வழியே அரை கிராம் புகுவது நான்கில் ஒரு பங்கு. அதாவது 25 விழுக்காடு. சுமையின்றி 2,500 சுழற்சிக்கு உயர்த்தும்போது நொடிக்குச் சுமார் 8 கிராம் இழுக்கிறது. பிளவின் அளவு மாறவில்லை. உள்ளிழுப்பின் வலிவும் ஏறத்தாழ அதே. புகுவது அதே அரை கிராம்தான். எட்டில் அரை என்பது 6 விழுக்காட்டை ஒட்டியது. கணக்கு பொருந்துகிறது. இதற்கு மாறாக, பெட்ரோல் விசைக்குழாயோ தெளிப்பானோ பழுதுபட்டிருந்தால், வேகம் கூடக் கூட, தேவை கூடக் கூட, குறையும் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை, தணிந்தது. ஆகவே தெளிப்பான்களுக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை என்பது ஒரு பாகத்தையும் கழற்றாமலேயே விளங்கிவிட்டது.

இனிப் பிளவு எங்கே என்பதே வினா. எரியும் தன்மையுள்ள திரவத்தைச் சூடான இயந்திரத்தின் மேல் தெளித்துத் தேடுவோர் உண்டு. அது தீயோடு விளையாடுவதாகும். பட்டறைக்காரர் ஒரு தெளிப்புக் குப்பியில் நீரை எடுத்துக்கொண்டார். வயர் இணைப்பிகளில் படாதவாறு, ரப்பர்க் குழாய்களின் மேலும், உள்ளிழு குழாய்த் தொகுதி இயந்திரத்தோடு சேரும் விளிம்பிலும் சிறிது சிறிதாகத் தெளித்தார். நான்காம் உருளைக்கு அருகே நீர் பட்டதும் 'உஸ்' என்ற ஒலி மாறியது, நடுக்கம் ஒரு கணம் நின்றது, மறுபடியும் தொடங்கியது. நீர் பிளவை ஒரு கணம் அடைத்தது என்பது அதன் பொருள். கழற்றிப் பார்த்தபோது, இறுகிப்போன பழைய கேஸ்கெட்டையே மீண்டும் வைத்துப் பொருத்தியிருந்தது தெரிந்தது. அதன் ஓரத்தில் மயிரிழை போன்ற ஒரு பிளவு. புதிய கேஸ்கெட்டின் விலை, வீணே வாங்கிய உணரியின் விலையில் ஒரு சிறு பங்கே.

புதியதைப் பொருத்தி முடித்ததும் இளைஞன் மீண்டும் எண்களைப் பார்த்து எழுதினான். வெறுமனே ஓடும்போது திருத்த அளவு படிப்படியாக இறங்கி 3 விழுக்காட்டில் நின்றது. விளக்கு மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"அழித்துவிடட்டுமா அண்ணே?" என்று கேட்டான் இளைஞன்.

"வேண்டாம். அதுவாக அணையட்டும். அணைந்தால்தான் நாம் செய்தது சரி."

குறை நீங்கியபின், ஒத்த நிலையில் தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் அது தென்படாவிட்டால் கணினி தானே விளக்கை அணைத்துவிடும். குறியீட்டையோ, இயந்திரம் குளிர்ந்து சூடேறும் 40 ஓட்டங்கள்வரை நினைவில் வைத்திருந்து பிறகே மறக்கும். அந்த வாரத்தில் தாயை அழைத்துச் சென்று வந்த பயணங்களுக்கிடையே விளக்கு அணைந்தது. காரின் பின்னிருக்கையில் சாய்ந்திருந்த அந்த அம்மையாருக்கு இந்த விளக்கின் கதை தெரியாது. சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தோம் என்பது மட்டுமே தெரியும். அதற்கு மேல் அவர் அறிய வேண்டுவதும் இல்லை.

திருக்குறளில் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தைப் பயின்ற மாணவர்க்கு இந்நிகழ்ச்சியில் புதுமை ஏதும் தோன்றாது. நோய் இன்னதென்று தெளிவதும், அதன் காரணத்தை ஆராய்வதும், தணிக்கும் வழியைக் காண்பதும், பின்னரே தவறாது செய்வதும் அங்கு வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. முதல் பட்டறையில் நிகழ்ந்தது என்ன? முதற்படியிலிருந்து நான்காம் படிக்குத் தாவினார்கள். இடையிலிருந்த இரண்டு படிகளுக்குச் செலவு ஒன்றுமில்லை. சிந்தனை மட்டுமே வேண்டும். அச்சிந்தனையைச் சேமித்ததனால் வந்த செலவை ஏழைத் தொழிலாளி ஏற்றார்.

அதே அதிகாரத்தின் இறுதியில், மருத்துவம் என்பது நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுபவன் என நால்வகைப்படும் என்று வள்ளுவர் வகுக்கிறார். பட்டறைக்கும் அது பொருந்துவதே. நடந்ததை ஒளிக்காமல் சொல்லும் கார்க்காரர், பொறுமையுள்ள பட்டறைக்காரர், தரமான பாகம், எண்களை எழுதிவைக்கும் உதவியாளன் ஆகிய நான்கும் அங்கே ஒருங்கு சேர்ந்தன. நான்காவதாக நிற்பவனைப் பற்றித்தான் ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தேர்வில் மதிப்பெண் குறைந்தவனைப் பார்த்து, 'நீ பட்டறைக்குத்தான் லாயக்கு' என்று சொல்லும் வழக்கம் தமிழர் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் இன்னும் மறையவில்லை. படிப்பு வராதவன் போகும் இடம் பட்டறை என்னும் எண்ணம் அச்சொல்லில் உள்ளது. ஆனால் மேற்கண்ட நிகழ்ச்சியில் தேவைப்பட்டவை எவை? ஒரு குறியீட்டின் உறுப்புகளைப் பிரித்துப் பொருள் காணும் திறன். அது பதஇலக்கணம் பயின்ற மாணவனுக்கு அயலானதன்று. இரண்டு விழுக்காடுகளை ஒப்பிட்டு, ஒன்று கூடினால் ஒரு காரணம், குறைந்தால் மற்றொரு காரணம் என்று அறியும் திறன், அது கணிதம். வினவிக் கேட்டு, கேட்டதை வரிசைப்படுத்தி எழுதும் திறன். அது கட்டுரை வகுப்பில் கற்பது. இவையெல்லாம் படிப்பு அல்ல என்றால் வேறெது படிப்பு?

கைத்தொழிலுக்கு மலேசியச் சட்டத்திலும் இடம் உண்டு. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ், மலேசியத் திறன் சான்றிதழ் படிநிலைகளாக வழங்கப்படுகிறது. முதல் மூன்று நிலைகள் சான்றிதழ். நான்காம் நிலை பட்டயம். ஐந்தாம் நிலை உயர்பட்டயம். பல ஆண்டுகள் பட்டறையில் உழைத்தவர், வகுப்பில் உட்கார்ந்து பயிலாவிட்டாலும், தம் பட்டறிவை மெய்ப்பித்துச் சான்றிதழ் பெறும் வழியும் அதில் வகுக்கப்பட்டுள்ளது. அந்த ஐம்பது வயதுக்காரரைப் போன்றவர்கள் சிற்றூர்தோறும் இருக்கின்றனர். அவர்களுடைய அறிவு தாளில் ஏறாமல் அவர்களோடே மறைந்துபோவது சமுதாயத்துக்கு இழப்பேயாகும்.

அந்த இளைஞன் தன் ஏட்டில் எழுதியது தமிழில். காரின் வகை, குறியீட்டு எண், நிற்கும்போது இருந்த அளவு, ஓடும்போது இருந்த அளவு, கண்ட காரணம், செய்த வேலை என்று ஆறு வரிகள். அவற்றுள் ஆங்கிலச் சொற்களும் மலாய்ச் சொற்களும் தமிழ் எழுத்தில் கலந்திருந்தன. அதில் குற்றம் காண வேண்டியதில்லை. பட்டறையில் எல்லாரும் வழங்கும் சொல்லே அங்கு உயிருள்ள சொல். அடுத்த ஆண்டு அதே குறியீட்டோடு வேறொரு கார் வந்து நிற்கும்போது, அந்த ஆறு வரிகள் மற்றொரு குடும்பத்தின் பணத்தைக் காக்கும். தமிழில் எழுதக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் யாரோ, அவருக்கு இச்செய்தி எட்டப்போவதில்லை. ஆயினும் அந்த ஏட்டில் அவருக்கும் பங்குண்டு.